ரயிலுக்குப் போட்ட பூஜை

மோகனப்ரியா சுவிட்சைப் போட்டாள். எஞ்சின் "உர்ர்ர்" என்று முனகியது. சக்கரம் மட்டும் அசைய மாட்டேன் என்று அடம் பிடித்தது.

காலையில்கூட நன்றாகத்தான் ஓடியது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் மாமா வாங்கித் தந்த நீல நிறக் குட்டி ரயில் அது. களிமண்ணில் மலை, மலையைச் சுற்றித் தண்டவாளம் என்று அவளும் தோழி ஜெமிமாவும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். நாளை பள்ளியில் கண்காட்சி. ரயில் ஓடாவிட்டால் வெறும் களிமண்ணைத்தான் காட்ட வேண்டும்.

எஞ்சினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், நசுங்காமல் முழுசாகக் கிடந்தது.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். கோயிலில் புது வண்டிகளுக்குப் பூஜை போட்டால், வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பவன் தம்பி அரசு. யூ.கே.ஜி. படிக்கிறான். இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தான்.

"உன் தம்பி இன்னா பண்ணி வெச்சிக்கிறான் பாரு" என்று ஜெமிமா சுவிட்சை அணைத்துவிட்டு, எஞ்சினின் மேல்கூட்டைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. புரட்டிப் பார்த்தாள். திருகாணி ஒன்றுகூட இல்லை.

"இழுக்காதடி, உடைஞ்சிடப் போவுது" என்று மோகனப்ரியா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சின்னக் கொக்கிகள் கூட்டைக் கவ்விக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் நெம்பி விட்டு அடுத்ததற்குப் போனால், முதல் கொக்கி மறுபடி மாட்டிக்கொண்டது.

அவள் பழைய கல்யாணப் பத்திரிகையை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒன்றைச் செருகினாள். கூடு தளர்ந்தது. ஆனால் கையை எடுத்தால் அட்டை நழுவியது. இருவருடைய நான்கு கைகளும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டன. கூட்டைத் தூக்கத்தான் கை இல்லை.

"அரசு, வெளிய வாடா. உன் கை வேணும்."

"அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன். நீதான் தூக்கணும். உள்ள ஒயர் இருக்கும். மெதுவா, நேரா மேல தூக்கு."

அரசு தலையெல்லாம் ஒட்டடையோடு வந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு விரலால் தூக்கினான். கூடு அலுங்காமல் அவன் கையோடு வந்தது.

உள்ளே, பல்சக்கரத்தில் வாழைநார் இறுகச் சுற்றியிருந்தது. நசுங்கிய மல்லிகை மொட்டு ஒன்றும் இருந்தது.

"மாலை வேற போட்டியா?"

"ஆங்" என்றான் அரசு. "நாளைக்கு ரயிலு கவுந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கினு போட்டேன்."

ஜெமிமாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளே ஊக்கால் நாரை இழை இழையாக எடுத்தாள். கூடு 'டிக்' என்று உட்கார்ந்தது. மோகனப்ரியா மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

ரயில் கிளம்பியது. மலையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. அரசு கைதட்டிக்கொண்டு கூடவே ஓடினான்.

"பாத்தியாக்கா" என்றான் மூச்சிரைக்க. "எங்கியாச்சும் கவுந்துச்சா? எல்லாம் நான் போட்ட பூஜைதான்."

அக்காவும் ஜெமிமாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.