ஒரு சொட்டு, மூன்று நிறம்

குருவிக்கு அப்போது ஒன்பது வயது. ஓயாமல் கீச்கீச்சென்று பேசுவாள் என்பதால் அத்தை வைத்த பெயர் அது. வளர்ந்து பெரியவளான பிறகும், எங்காவது மருந்து வாசனை வந்தால் போதும், அந்த விடுமுறை அப்படியே அவள் கண்முன் வந்து நிற்கும்.

அத்தை ஓர் ஆராய்ச்சியாளர். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய, ஒளிரும் துகள்களைச் செய்வது அவர் வேலை. அந்த வருடம் அவற்றை, ஊரே டாக்டர் மாமா என்று கூப்பிடும் மருத்துவரின் சின்ன மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். குருவியும் தினமும் கூடவே போனாள்.

"இந்த ஊர்ல அடிக்கடி வர்ற மூணு காய்ச்சலும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் அத்தை. "ஆனா ரத்தத்துல ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாளம் உண்டு. சிவப்புத் துகள் ஒண்ணைப் பிடிச்சுக்கும், பச்சை இன்னொண்ணை, மஞ்சள் மூணாவதை. ஒட்டாததைக் கழுவிட்டு நீல வெளிச்சத்துல பார்த்தா, ஒட்டினது மட்டும் மின்னும்."

"அதுக்கு எத்தனை ஊசி?"

"ஒரு சொட்டு ரத்தம் போதும்."

குருவிக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது.

கருப்புப் பெட்டிக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, மேலே உள்ள துளை வழியாகப் பார்க்க வேண்டும். டாக்டர் மாமா ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிடுவார். "உனக்குத்தான் கூர்மையான கண்ணு. என்ன நிறம், சொல்லு?"

குருவிக்குத் தலைகால் புரியாத பெருமை!

ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, "சிவப்பு" என்று மாமா எழுதிக்கொண்டிருந்தார். குருவி எட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் பச்சை மின்னியது.

"மாமா, பச்சை!"

அவர் பேனா நின்றது. எழுதியதை அடித்துவிட்டுப் பச்சை என்று திருத்தினார். அப்போதுதான் குருவி அவர் கால்களைக் கவனித்தாள். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறு காலில் பச்சை.

"மாமா, உங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சின்ன வயசிலேருந்தே" என்றார் அவர். "அத்தைகிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீயும் சொல்லிடாதேம்மா."

"சொல்லமாட்டேன்" என்றாள் குருவி. ஆனால் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறதே! அப்புறம் யார் நிறம் சொல்வார்கள்? தப்பான மருந்து கொடுத்துவிட்டால்?

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது அவள் வாயே திறக்கவில்லை. அத்தை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லை அத்தை, யோசிக்கிறேன். மூணு துகளையும் ஒரே இடத்துல ஏன் வைக்கிறீங்க? ஒண்ணை வட்டமா, ஒண்ணைச் சதுரமா, ஒண்ணை முக்கோணமா வெச்சா என்ன? எது மின்னுதோ அதுதான் காய்ச்சல். அவசரத்துல பார்க்கிறவங்களுக்குச் சுலபமா இருக்குமே."

அத்தை நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அடிப்பாவி! இது எனக்குத் தோணவே இல்லையே!"

ஞாயிற்றுக்கிழமை புதிய தகடுகள் தயாராகிவிட்டன. காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அப்பா வந்தார். மாமா துளை வழியாகப் பார்த்தார்.

"முக்கோணம்" என்றார். "என்ன காய்ச்சல்னு தெரிஞ்சுபோச்சு. இப்பவே மருந்து ஆரம்பிச்சிடலாம். பயப்படாதீங்க."

அத்தை எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

வாசலில் நின்ற குருவியை அன்று யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.