தேடி வரட்டுமே...

"பஸ் போயிடுச்சுங்க."

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டு அவள் வெடுக்கென்று திரும்பினாள். மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில், நனைந்த தலையைக் கைக்குட்டையால் துவட்டியபடி ஒருவன். வாயெல்லாம் பல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போனது எனக்கும் தெரியுது. அதுக்கு எதுக்கு சிரிக்கறீங்க?"

"அழுதா திரும்பி வந்துடும்னா சொல்லுங்க... அழுது பாக்கறேன்."

அட, ஒண்டிக்கட்டை! அவர்கள் வந்த சுற்றுலா பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரன். பஸ் முழுக்க ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் தனியாளாக இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு வந்ததால் முதல் நாளே பெண்கள் வைத்த பெயர் அது. வேலை பார்க்கும் கம்பெனியில் பரிசாக விழுந்த ஜோடி டிக்கெட்டாம். ஜோடிதான் விழவில்லை.

"நீங்க எப்படி விட்டீங்க?"

"டீ குடிக்கப் போனேன். நீங்க?"

"நேரம் போனதே தெரியல" என்றாள்.

பொய். நேரம் போனது ஒவ்வொரு நிமிஷமும் தெரிந்தது. ஊரையே காலடியில் காட்டும் அந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்று, "ஒரு போட்டோ எடுங்களேன்" என்று கணவனிடம் கேட்டாள். "கீழ எடுத்துக்கலாம். நீ பாத்துட்டு வா" என்று அவன் லிஃப்டில் இறங்கிவிட்டான். அவள் வீம்புக்கு அங்கேயே நின்றாள்.

கல்யாணமாகி இரண்டு வருடம். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, பேச்சும் கிடையாது. 'நாலு இடம் சுத்திப் பாத்துட்டு வாங்க, எல்லாம் சரியாப் போயிடும்' என்று மாமியார்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். சரியாகிவிடும் என்று இவளும்தான் நம்பி வந்தாள்.

தேடி வரட்டுமே... ஒரே ஒரு தடவை மூச்சிரைக்க ஓடி வந்து, 'எங்க போய்ட்டே, பயந்தே போய்ட்டேன்'னு சொல்லட்டுமே...

லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் மனசு துள்ளியது. யார் யாரோ வந்தார்கள். மழை வந்தது. அவன் வரவில்லை. கீழே வந்து பார்த்தால் பஸ்ஸும் இல்லை. கைப்பை, போன், எல்லாம் அதற்குள்.

"நம்பர் சொல்லுங்க, போன் போட்டுத் தரேன்" என்றான் ஒண்டிக்கட்டை.

"வேண்டாம்... இந்நேரம் அவரே ஊரை ரெண்டாக்கியிருப்பார். எங்க வீட்டுக்காரருக்கு நான்னா உசிரு."

அவன் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

"அடுத்த இடம் படகுத்துறைதான். நடந்தே போயிடலாம், வாங்க."

குடை இல்லை. கடை கடையாக ஒதுங்கி, இடைவெளியில் ஓடி, மறுபடி ஒதுங்கி... மழை விட்டபாடில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். எல்லாரும் கோபுரத்தின் மேலே போய் ஊரைப் பார்த்தபோது, இவன் லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மூன்று முறை ஏறி இறங்கினானாம்.

"எதுக்கு?"

"கதவு மூடறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தயக்கம் இருந்துச்சு. யாராவது ஓடி வராங்களான்னு பாத்துட்டு மூடற மாதிரி. நல்லா வச்சிருக்காங்க."

"லிஃப்டுக்கு இருக்கற அக்கறை..." என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

அடுத்து ஒதுங்கியது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் இப்படியொரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவதுதான் அவள் வேலை. கை சும்மா இருக்குமா? கடைக்காரரைக் கேட்டு ஒரு ஃபிரேமை எடுத்தாள். "போடுங்க, பாப்போம்."

போட்டான். கோணலாக உட்கார்ந்தது.

"உங்க இடது காது கொஞ்சம் மேல இருக்கு."

"ஐயோ! இத்தனை நாளா யாரும் சொல்லலியே!"

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு மேலதான் இருக்கும். அசையாதீங்க."

கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் ஒரு பக்கக் காம்பை விரலால் மெல்ல வளைத்து, மறுபடி அவன் முகத்தில் வைத்தாள். தினமும் எத்தனையோ முகங்களுக்குச் செய்கிற வேலைதான். இந்தக் கண்கள் மட்டும்... தேனை வெயிலில் பிடித்த மாதிரி ஒரு பழுப்பு. அதில் நனைந்த தலையோடு குட்டியாக ஒருத்தி தெரிந்தாள். யார் இவள், இவ்வளவு சந்தோஷமாக?

"நேராப் பாருங்க" என்றாள்.

"அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்..."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மழை அடித்த முகம் ஏன் இப்படிச் சுடுகிறது? சே... என்ன நினைப்பு இது! வெளியே வந்து வேகமாக நடந்தாள். ஆனாலும் ஒவ்வொரு தெரு முனையிலும், 'படகுத்துறை இன்னும் வந்துவிடக் கூடாதே' என்று மனசு அடித்துக்கொண்டது.

வந்துவிட்டது. ஓரமாக அவர்களுடைய பஸ் நின்றிருந்தது. பஸ்ஸின் வழிகாட்டிப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா மேடம்! இந்த சார் பண்ணின கலாட்டா இருக்கே... பஸ் சிக்னல்ல நின்னதும் கதவைத் திறக்கச் சொல்லிக் குதிச்சு ஓடிட்டார். நான் திரும்பிப் போலாம்னுதான் சொன்னேன். உங்க சார்தான், 'அவ தனியா வந்துப்பா, நீங்க போங்க'ன்னு..."

வழிகாட்டிப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. அவசரமாகப் படகுப் பக்கம் நழுவினாள்.

மறந்துபோய் அல்ல... கணவன் தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. 'நான்னா உசிரு' என்று அளந்தாளே, அதைப் பக்கத்தில் நிற்கும் இவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்!

"டீ குடிக்கப் போனேன்னு சொன்னீங்க."

"பொய்தாங்க. அவர் தேடுவார்னு நம்பிட்டு நின்னீங்க. அதை உடைக்க எனக்கு வாய் வரல."

"நீங்க எதுக்கு இறங்கினீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்க சீட்டு காலியா இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னால உக்கார முடியல... மேல கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன்."

அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டதுதான் வேதனை.

படகு கிளம்பியது. ஒண்டிக்கட்டை பின்கோடிக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். முன் பெஞ்சில் இருந்த கணவன் அவளுடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"நான் மேல நின்னது உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவன் மழுப்புவான் என்று நினைத்தாள். அவன் மழுப்பவில்லை.

"தெரியும். நான் தேடி வரணும்னுதான் நிக்கறேன்னும் தெரியும். வரணும்னு நினைச்சேன்... கால் எழும்பல. பஸ் கிளம்பினப்போ ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. என்னை மன்னிச்சுடு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. எனக்குத்தான்... வரமாட்டேங்குது."

இரண்டு வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. அந்தப் பேச்சா இப்படி இருக்க வேண்டும்! அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மழைத்துளிகள் ஆற்றில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தன.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "வழியெல்லாம் இந்த பஸ் கண்ணுல படவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

அவன் மெல்லத் தலையைத் திருப்பிப் படகின் பின்கோடியைப் பார்த்தான்.

"அவரைப் பிடிச்சிருக்கா?"

"அது தெரியலங்க..." கைப்பையை அவன் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என்னை யாராவது ஒருத்தர் தேடி வரணும்னு ஏங்கிட்டிருந்தேன். அது நீங்களாத்தான் இருக்கணுங்கற ஆசை... இன்னிக்கு விட்டுப்போச்சு."