பதினோராம் அறையில் பெயர் கேட்டவள்

பேய்கள் வெளியே நடமாடுவதாக இங்கே நம்பும் சந்திர ஆண்டின் ஏழாம் மாதம் பிறந்த மறுநாள், மதிய வேளையில், தைனான் நகர மருத்துவமனையின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுக்குள் நுழைந்தேன். பதினோராம் அறையில் ஷு-யுன். இருபத்திரண்டு வயது. எலும்பு மஜ்ஜை மாற்றி மூன்று வாரம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி மருந்துக்குக்கூட இல்லை.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?"

சரியாகச் சொன்னாள். நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றேன். அதையும் சொன்னாள்.

"உன் பேரு?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் இடப்பக்கம் ஓடின.

எனக்குப் பகீரென்றது. கிருமி மூளைக்குப் போய்விட்டதா? முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரெடுத்தால்தான் தெரியும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களோ மிகக் குறைவு. ரத்தம் கசிந்தால் கால் விளங்காது.

அவள் அம்மா பதறினாள். "நான்தான் சொல்லாதேன்னேன், டாக்டரம்மா. இந்த மாசத்துல யாரு பேர் கேட்டாலும் வாயத் தொறக்கலாமா? பேரு தெரிஞ்சா பேய் கூப்பிடும், பதில் குடுத்தா கூட்டிட்டுப் போயிடும்."

"நல்லா கெடுத்தீங்க! அநியாயமா முதுகுல குத்தியிருப்பேனே!"

சிரித்தபடி கிளம்பினேன்.

"அம்மா உங்களச் சொல்லல," ஷு-யுன் கிசுகிசுத்தாள். "இந்தப் பக்கம் நிக்கிறாளே, அவளச் சொன்னாங்க. ஈர மண் நாத்தம். காலையிலேர்ந்து பேரைக் கேட்டு உசிர எடுக்குறா."

அங்கே யாரும் இல்லை.

ஆனால் இல்லாத ஆளும் இல்லாத வாடையும் மூளையில் வைரஸ் புகுந்ததற்கான அறிகுறி என்று படித்தவள் நான். தட்டணு ஏற்றி, ஸ்கேன் எடுத்து, பயந்து பயந்து ஊசியும் குத்தினோம். வைரஸேதான். அன்றே மருந்தை ஆரம்பித்தோம்.

மூன்று வாரத்தில் பெண் தேறிவிட்டாள். பேய் மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"இப்பவாவது பேரைச் சொல்லுவியா?" என்றேன்.

சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"அவ போயிட்டா டாக்டர். ஆனா ஒரு பேரு குடுத்தாத்தான் போவேன்னா. என்னால தாங்க முடியல. உங்க கோட்டுல எழுதியிருந்ததப் படிச்சுச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அசடு! எல்லாம் வைரஸ் பண்ணின வேலை."

சொன்னேனே தவிர, கோட்டில் எழுதியிருந்த என் பெயரைக் கையால் மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். நடைபாதை முழுக்க உச்சிவெயில்.

"ஃபாங் யா-ஜென்!"

இடப்பக்கமிருந்து ஒரு பெண்குரல். இந்தப் பிரிவில் யாரும் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாளெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பிழைப்பு, பழக்க தோஷம்.

"ம், சொல்லுங்க," என்று திரும்பினேன்.

வெறும் சுவர்.