கல்லில் அகப்படாத பண்

அந்தி மயங்கும் வேளையில், கொள்ளிடத்தின் அகன்ற நீர்ப்பரப்பின் மேல் முழுமதி எழுந்து, கரையோரத்து நாணற் புதர்களுக்கெல்லாம் வெள்ளிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தது. அழகான காட்சிதான், வாசகர்களே! ஆனால் அக்கரைப் பாசறையில் நடந்ததைச் சொல்லப் புகுந்தால் எனக்குக் குமட்டுகிறது.

சிற்றரசர் மழவராயர் தாம்பூலத்தைக் குதப்பியபடி ஆசனத்தில் சாய்ந்திருந்தார். எச்சில் அவர் மார்பின் முத்துவடத்தில் வழிய, அதைத் துடைப்பதற்கு இரண்டு புலவர்கள் போட்டியிட்டார்கள். சீச்சீ! பாடினி பூங்காவி புதிதாக அமைத்த பண்ணைச் சென்ற மாதம் கேட்ட இந்த மனிதர், அதன் சுரங்களை ஆற்றங்கரைப் பாறையில் வெட்டுவித்து, 'மழவராயர் அருளியது' என்று பொறிக்கச் செய்து, பிறர் பாடினால் நாவை அறுக்கவும் ஆணையிட்டிருந்தார். பூங்காவியோ நேற்று ஓடத்துறையில் அதையே பாடிவிட்டாள். இப்போது காவலர்கள் அவளைப் பிடித்துவந்து அவர் முன் நிறுத்தியிருந்தார்கள்.

"பண் எம்முடையது என்று சத்தியம் செய், பெண்ணே! நாக்குப் பிழைக்கும்."

"அந்தப் பண் எங்கே இருக்கிறது, அரசே?"

"இது என்ன கேள்வி? அதோ, பாறையில்!"

"பாடுமுன் அது எங்கே இருந்தது, பாடி முடித்தபின் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால், என் பாட்டைக் கேட்டறியாத ஒருவர் கல்லைப் பார்த்து வாசிக்கட்டுமே!"

அன்று மாலைதான் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பாணர் ஒருவர், தீப்பந்த வெளிச்சத்தில் எழுத்துக்களைப் படித்து யாழை மீட்டினார். சுரங்கள் பிசகவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவும் இல்லை, அசைவும் இல்லை. கல் கலந்த சோற்றை மெல்வதுபோல் இருந்தது.

"நிறுத்துமையா! சீ, இது என் பண்ணே அல்ல!" என்று அலறினார் மழவராயர்.

"அரசரே சொல்லிவிட்டார். தங்கள் பண் கல்லில் இல்லையென்றால், நான் எதைத் திருடினேன்?"

வெட்கமாவது மண்ணாவது! அந்த மனிதர் எச்சிலைத் துப்பிவிட்டு இளித்தார்.

"சிற்பி பிழை செய்துவிட்டான். நீ குழைவுகளோடு பாடிக் காட்டு, திருத்திப் பொறிக்கிறோம். மறுத்தால் நாக்கு இருக்காது!"

தூ! இப்படியும் ஒரு பிறவியா?

மழவராயர் கையை ஓங்கவே, கத்தியோடு நின்ற காவலன் முன்னால் வந்தான். பூங்காவி ஆற்றை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இந்தக் கொள்ளிடத்தின் மேல் ஆணை! தங்கள் பெயர் அந்தப் பாறையில் இருக்கும்வரை அதை நான் பாடமாட்டேன். எங்கே, நாவை அறுத்து, அதற்குள் பண்ணைத் தேடிப் பாருங்கள்!"

காவலன் அரசரைப் பார்த்தான். மழவராயரின் ஓங்கிய கை மெல்ல இறங்கிற்று.

"உளியைக் கொண்டு வா, பாறையிலிருந்து எம் பெயரைச் செதுக்கி எடு," என்றார் ஓரமாய் நின்ற சிற்பியிடம்.