தலையில் தேய்த்தது

வெண்ணிலாவின் தலையணையில் அன்றைக்கும் செத்த எறும்புகள் கிடந்தன. ஏழெட்டு இருக்கும். யாரும் பார்ப்பதற்குள் அம்சவள்ளி அவற்றை முந்தானையில் வழித்துக்கொண்டு போய் வாசலுக்கு அப்பால் உதறினாள். பல் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெசிந்தா சும்மா இருப்பாளா?

"இன்னாக்கா, காலங்காத்தால முந்தானைய உதறிக்கினு நிக்கற?"

கடலை உரித்த மல்லாட்டைத் தோல் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள் அம்சவள்ளி. பொய் சொல்ல இப்போதெல்லாம் நாக்கு கூசுவதில்லை. கூசாததுதான் அவளுக்குக் கூசியது.

அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். மந்தமான பிள்ளைகளுக்கு அங்கே கேம்ப் போட்டிருந்தார்கள். வெண்ணிலாவுக்கு எட்டு வயது; தன் பெயரில் இரண்டு எழுத்து வந்தால் மூன்றாவது வராது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டாள். பிறவியிலேயே இப்படியா, நடுவில் வந்ததா? நடுவில் ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கம்மா, அதுக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் பார்க்கலாம்.

"பொறந்ததுலருந்தே இப்பிடித்தாங்க."

சொல்லும்போது வெண்ணிலா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அம்சவள்ளி கவனித்தாள்.

பிறவி என்ன பிறவி. ஐந்து வயதில் பஸ் போர்டைப் பார்த்து, அது திண்டிவனம், இது கூட்டேரிப்பட்டு என்று கத்திய பிள்ளை. தலையெல்லாம் பேன் என்று ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். உன் பொண்ணு தலையில பேனப் பூட்டி ஏர் ஓட்டலாம்டி என்று கேட் அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதிலிருந்து இறங்கவில்லை. கத்திரிக் கொல்லையில் தெளித்தது போக மிச்சம் இருந்த பூச்சிமருந்தில் ஒரு மூடி எடுத்துத் தேங்காயெண்ணெயில் கலந்தாள். ஊரில் நாலு பேர் செய்வதுதான். எரியுதும்மா என்று பிள்ளை அழுதது. அசையாத உக்காரு, கொஞ்ச நேரந்தான் என்று தோளை அழுத்திப் பிடித்து உட்காரவைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிள்ளையின் வாயில் நுரை தள்ளியது.

அதுவாவே எடுத்துத் தடவிக்கிச்சு என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னாள். புருஷன் மாரியப்பனிடமும் அதையேதான் சொன்னாள். பிழைத்து வீடு வந்த குழந்தையை, மருந்தைத் தொடுவியா, தொடுவியா என்று அவன் அடித்தான். அம்சவள்ளி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்திலிருந்து திரும்பி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாரியப்பன் கரும்பு லோடு ஏற்றப் போயிருந்தான். கரெண்ட் இல்லை. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தத்துக்கும் ஈரச் சுவரின் வாடைக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்து சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தவளுக்கு முதலில் நாக்கில்தான் தெரிந்தது. பூண்டு அழுகியது போன்ற, அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற அந்த நெடி. அந்தப் பாட்டிலை மூன்று வருஷத்துக்கு முன்பே முழங்கையளவு பள்ளம் தோண்டிப் புதைத்தாயிற்று. புதைத்த இடத்தில் முருங்கை நிற்கிறது. எழுந்து போய் அடுப்படியில் தேடினாள். பானைக்குப் பின்னால், பரணில், எங்கேயும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நெடி இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அம்மா. உன் தலையில பேனு ஓடுது."

கூந்தலுக்குள் விரல்கள் நுழைந்தன. சின்ன விரல்கள். ஜில்லென்று ஏதோ உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்கியது.

"கையில இன்னாடி வெச்சிருக்க?"

மூன்று எழுத்தைச் சேர்த்து எழுத வராத பிள்ளை ஒரு சொல் பிசகாமல் சொன்னது.

"அசையாத உக்காரு. கொஞ்ச நேரந்தான். நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்க இல்ல?"

குரல் குழந்தையுடையதுதான். பேச்சு அம்சவள்ளியுடையது.

வாசலில் செருப்புச் சத்தம். ஜெசிந்தா.

"யக்கா, இன்னா நாத்தம் இது? மருந்து கணக்கா வருது?"

ஒரு வார்த்தை போதும். ஜெசிந்தா குடத்தோடு ஓடி வருவாள். தலையில் ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே கேட்பாள், இத யாருக்கா புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது என்று.

"எண்ணெய்தான் ஜெசி. தலைக்கு வெச்சிக்கினு இருக்கேன்."

செருப்புச் சத்தம் மழைக்குள் போய்விட்டது.

எரிந்தது. காதுக்குப் பின்னால். நெற்றியில். வாசல் வெளிச்சம் சிறுத்தது. கைப்பிடியளவு. காசளவு. பிறகு ஊசித் துளை.

நாக்கடியில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. விழுங்க வரவில்லை. கடைவாயில் வழிந்தது.

வெண்ணிலா முன்னால் வந்து மண்டியிட்டாள். அதைத் துடைத்துவிட்டாள். கையாலேயே. அந்த ஈரக் கையாலேயே.