நாலு மணிக் கேரட்

தாராவியில் இருக்கும் வாப்பாவின் பட்டறையில் பை தைப்பவர்கள் ஆறு பேர். ஏழாவது ஆள் புட்டு. அது கொண்டை வைத்த காக்கடீல் கிளி. வேலை ஒன்றும் செய்யாது. நாலு மணி டீக்கு மட்டும் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும்.

டீயோடு பஜ்ஜி, பாவ், சேவ் எல்லாம் வரும். ஆளுக்கொரு விள்ளல் புட்டுவுக்குக் கொடுத்த பிறகுதான் தங்கள் வாயில் போடுவார்கள்.

"வாயில்லா ஜீவன், திங்கட்டும்" என்பார் பை தைக்கும் வேல்ராஜ் அண்ணன். அந்தப் பாசம்தான் வினையாகிப்போனது.

ஒரு நாள் அண்ணன் பஜ்ஜியை நீட்டினார். புட்டு அவர் விரலுக்குப் பக்கத்தில் காற்றைக் கொத்தியது. மறுபடியும் காற்றுதான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். அது அசையவே இல்லை.

"வாப்பா, புட்டுவுக்குக் கண்ணு தெரியல."

மறுநாள் காலையில் செம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பறவை டாக்டர் ரெபேக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நோய் கண்ணுல மட்டும் இல்ல. எண்ணெய்ப் பண்டமாத் தின்னு கல்லீரல் கெட்டிருக்கு. உடம்புல சத்தே இல்ல. அதான் கண்ணையும் பாதிச்சிருக்கு. மருந்து தர்றேன். இனிமே காய், கீரைதான்."

"பார்வை வருமா டாக்டர்?"

"கொஞ்சம் வரலாம். முதல்ல அது சாப்பிடணும். பட்டினி கிடந்தா உயிருக்கே ஆபத்து."

அங்கேதான் சிக்கல். கேரட்டை அலகருகே வைத்தாலும் புட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று மத்தியானம்வரை ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

"ரெண்டே ரெண்டு சேவ் குடுத்துப் பாப்பமா?" என்றார் வேல்ராஜ் அண்ணன்.

"குடுத்தா உங்ககூடப் பேச மாட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். புட்டு ஒரு நாளும் தனியாகத் தின்றதில்லை. எல்லோரும் மென்றால்தான் அதுவும் மெல்லும்.

நாலு மணிக்குப் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். ஆளுக்கொரு கேரட் கொடுத்தேன்.

"எல்லாரும் நல்லா சத்தமாக் கடிங்க."

"பச்சையாவா? நான் என்ன முயலா?" என்றார் அண்ணன்.

"கடியும்வே, புள்ள சொல்லுதுல்லா" என்றார் வாப்பா, தன் கேரட்டைக் கடித்தபடி.

மிஷின்களை நிறுத்தினார்கள். கறுக் முறுக் என்று பட்டறையே மென்றது. புட்டு தலையைச் சாய்த்தது. கொண்டை மெல்ல எழுந்தது. சத்தம் வந்த பக்கமாகத் தட்டுத்தடுமாறி நடந்து என் கைக்கு வந்தது. கேரட் துண்டை அலகால் தொட்டுப் பார்த்தது. பிறகு கடித்தது. இன்னொன்றும் கேட்டது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் கேரட்டா, சுலைகா?"

"இல்லண்ணே. சிம்லா மிர்ச்சி."

பச்சைக் குடைமிளகாயை நினைத்து அண்ணன் பெரிய பெருமூச்சு விட்டார். ஆனால் மறுநாள் நாலு மணிக்கு என்னிடம் முதலில் கையை நீட்டியவர் அவர்தான்.