ஏழாம் நம்பர் பூட்டு

பதினோரு நாள் லீவு முடிந்து மகா வேலைக்குத் திரும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கர்நாடக எல்லையில் அத்திபெலேயைத் தாண்டி நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே ஊர் உலகத்தின் போட்டோக்களையும் சினிமாக்களையும் சுமக்கும் கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக நின்று சூடாகிக்கொண்டே இருக்கும். அவற்றைக் குளிரவைப்பதுதான் மகாவின் பிழைப்பு. பேய் வந்தால் சில்லிடும் என்பார்கள். இங்கே சில்லிடாவிட்டால்தான் எல்லோரும் அலறுவார்கள்.

சாப்பாட்டுப் பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை, மேனேஜர் அபினவ் ஒரு தாளை நீட்டினார்.

"மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வராங்க மகா. சின்னப்பா செத்த அன்னிக்கு ஷிப்ட் உன்னுது. 'சின்னப்பா பூட்டு போடல, நான் பார்த்தேன்'னு எழுதியிருக்கு. ஒரே ஒரு சைன். கொஞ்சம், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"நான் சாப்பிடப் போயிருந்தேன் சார். எதையும் பார்க்கல."

"பூட்டைப் பார்க்கலன்னா, பூட்டு இல்லன்னுதானே அர்த்தம்?"

என்ன ஒரு அர்த்தம்! மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால் கூலிங் டவர் இருக்கிறது. கம்ப்யூட்டர்களின் சூட்டைச் சுமந்துவரும் தண்ணீர் அங்கே கொட்டும், உச்சியில் சுற்றும் ராட்சச ஃபேன் அந்தச் சூட்டை வானத்துக்குத் தள்ளும். டேங்கர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுவரில் படியும் உப்பை உள்ளே இறங்கிச் சுரண்டுவது சின்னப்பாவின் வேலை. இறங்கும் முன் ஃபேன் சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும், சாவியை இடுப்பில் செருக வேண்டும். போட்டவன் வெளியே வந்து திறக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஆளுக்கொரு பூட்டு. சின்னப்பாவுடையது சிவப்பு, நம்பர் ஏழு.

இரண்டு நிமிஷ வேலைக்கும் பூட்டுகிற மனிதர் அவர். "பூட்டாம நான் எங்கூட்டு பாத்ரூமுக்குக்கூடப் போமாட்டேன் மகா" என்பார். அப்படிப்பட்டவர் உள்ளே இருக்கும்போதுதான் அன்றைக்கு ஃபேன் சுற்றியது.

இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால், புருஷன் தன் அலட்சியத்தால் செத்தான் என்று அவர் மனைவி சந்திரம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மகாவால் அதைத் தாங்க முடியாது.

சர்வர் ஹாலுக்கு வெளியே எலக்ட்ரீஷியன் ரவிக்குமார் நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது. மணி இரண்டு நாற்பது.

அலாரம் அடித்தது.

தரைப் பலகைகளுக்கு அடியில் ஒரு சென்சார் கயிறு ஓடுகிறது. சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது கத்திவிடும். திரையில் வரிசை ஆறு, பலகை பதினாலு என்று வந்தது.

"சென்சார் கெட்டுப்போச்சு மகா. பதினோரு நாளா இதே நேரம் இதே இடம். ஆஃப் பண்ணிடறேன்."

"பலகையைத் தூக்கிப் பார்த்தியா?"

அவன் கதவைவிட்டுத் தள்ளி நின்றான்.

மகா தனியாக உள்ளே போனாள். ஆள் நடந்தால்தான் அங்கே விளக்கு எரியும், ஆள் போனதும் அணைந்துவிடும். அவள் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. ஆயிரம் ஃபேன்களின் ஒரே ரீங்காரம்.

தூரத்தில், ஆறாம் வரிசையில், ஒரு விளக்கு எரிந்தது.

அங்கே யாரும் இல்லை.

அதற்கடுத்த விளக்கும் எரிந்தது. யாரோ நிதானமாக நடக்கும் வேகத்தில் ஒவ்வொன்றாக எரிந்து, பதினாலாம் பலகைக்கு மேல் வந்து நின்றது.

பாசி வாடை அடித்தது.

வெள்ளைத் தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால். வலது காலில் சுண்டுவிரல் தடம் மட்டும் இல்லை. சின்னப்பாவுக்கு அந்த விரல் சின்ன வயசிலேயே போய்விட்டது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. சட்டைப்பையில் தாள் உறுத்தியது.

"அண்ணா, பயமுறுத்தறதுன்னா அபினவ் சாரைப் போய்ப் பயமுறுத்துங்க" என்று சத்தமாகவே சொன்னாள். "என்கிட்ட சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போங்க."

பலகையைத் தூக்கினாள். முகத்தில் குளிர்காற்று அறைந்தது. கீழே பொட்டுத் தண்ணீர் இல்லை. கயிற்றின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பூட்டு கிடந்தது. நம்பர் ஏழு. அதன் வளையத்தைக் கட்டர் போட்டு வெட்டியிருந்தார்கள்.

வெளியே வந்து பூட்டை ரவிக்குமாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் ஸ்ரீலக்ஷ்மி வந்தார். மகா மேஜையில் முதலில் தாளை வைத்தாள், கையெழுத்து இல்லாமல். அதன்மேல் வெட்டுப்பட்ட பூட்டை வைத்தாள். அபினவ் எழுந்துவிட்டார்.

"பழைய பூட்டு மேடம். ஸ்கிராப்பு!"

அவர் வாய் மூடும்முன் கட்டடம் முழுக்க சைரன் கூவியது. டவர் ஃபேன் தானாக நின்றுவிட்டது. ஹாலில் சூடு ஏறுகிறது, இருபத்தேழு டிகிரி, இருபத்தெட்டு. எல்லோரும் சுவிட்ச் அறைக்கு ஓடினார்கள்.

ஃபேன் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு. நம்பர் ஏழு.

வெட்டு இல்லை. துளித் துளியாக நீர் சொட்டியது.

மகா தன் கையைப் பார்த்தாள். மேஜையிலிருந்து எடுத்துவந்த வெட்டுப்பட்ட பூட்டு அவள் கையிலேயே இருந்தது.

"ரவி, கட்டர் எடு! வெட்டுறா அதை!" அபினவ் கத்தினார். "முப்பது ஆயிடுச்சு!"

ரவிக்குமார் கட்டரை எடுத்தான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டான்.

"அன்னிக்கும் இதேதான் சார் சொன்னீங்க. சூடு ஏறுது, வெட்டுறான்னு. உள்ள ஆள் இருக்காருன்னு சொன்னேன், அவன் எப்பவோ வெளிய வந்துட்டான்னீங்க. நானும் வெட்டிட்டேன். வெட்டின பூட்டைப் பலகைக்கு அடியில ஒளிச்சும் வெச்சேன்." அவன் அழுதான். "இனிமே என்னால ஆவாது. வேலையே போனாலும் சரி."

அபினவ் தானே கட்டருக்குக் குனிந்தார். மகா அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டாள்.

"கை வெக்காதீங்க சார்."

"மெஷின் எல்லாம் நின்னுடும்! தெரியுமா உனக்கு?"

"நிக்கட்டும்."

ஸ்ரீலக்ஷ்மி பூட்டைக் கிட்டத்தில் பார்த்தார், தொடவில்லை. பூட்டு யாருடையது என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஈ பீகா யார்து?"

"சின்னப்பா அண்ணனுது மேடம்."

"அவரு எல்லி?"

மகா டவர் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"உள்ள."

நின்றுபோன டவருக்குள்ளிருந்து, அவசரமே இல்லாமல், யாரோ உப்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது.